முட்டு வைத்த மூலை

சின்னம்மாள் எனக்கு நாலு வருஷத்துக்கு மேல் மீன் விற்கவில்லை. கடலூர் முதுநகரில் பிறந்து, துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறவனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. அவள் கூடைக்கு முன்னால் போய் நின்றால் ஈரச் சாக்கை இழுத்து மேலே மூடிவிடுவாள். "பலகைக்காரனுக்கு மீன் இல்ல, போ." பக்கத்துக் கூடைக்காரிகள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு விலையை ஏற்றிச் சொல்வார்கள். நாலு வருஷம் முட்டையைத் தின்றே ஓட்டினேன்.

காரணம் இதுதான். அவள் மகள் வெண்மதி, நான் போட்ட மல்யுத்த ரிங்கில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டாள். பக்கிரி போட்ட பலகை சரியில்லை என்று ஊர் பேசியது. என் காதுபடவே பேசினார்கள். ஆனால் என் பலகை உடையவில்லை. ஒரு கீறல்கூட விழவில்லை. அவள் விழுந்த அந்த ஒரு பலகையை மட்டும் தனியாகக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து வாசல் சுவரில் சாய்த்து வைத்தேன். போகிறவன் வருகிறவனை நிறுத்திக் காட்டினேன். "தடவிப் பாரு. எங்கயாச்சும் விரிசல் இருக்குதா?" கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூடத் தடவிப் பார்த்துவிட்டு, "இல்லண்ணே" என்றார். பார்த்தவர்கள் யாரும் விரிசல் இருக்கிறது என்று சொன்னதில்லை. அப்படியும் சின்னம்மாள் சாக்கைத் திறக்கவில்லை.

நான் எழுத வந்தது வெண்மதியைப் பற்றி. என் பலகையைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. அதனால்தான் அங்கிருந்து தொடங்கினேன்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அப்பாவின் படகுப் பட்டறையில் பலகை இழைத்துப் பழகிய கை. அப்புறம் பந்தல் வேலைக்குப் போனேன். சிதம்பரத்தில் நடனசபாபதி என்று பெரிய பந்தல் காண்ட்ராக்டர். டி.வி.யில் காட்டுகிற மாதிரி மல்யுத்தம் நடத்தினால் டிக்கெட் போகும் என்று அவருக்கு ஒரு நாள் தோன்றியது. ஜிம்முக்குப் போகிற ஆறு ஆட்களைப் பிடித்தார். ரிங்கை நான் செய்தேன். கீழே இரும்புச் சட்டம், குறுக்கே அஞ்சு இரும்பு, அதன்மேல் பலகை, பலகைமேல் மெத்தென்ற ஃபோம், எல்லாவற்றுக்கும் மேல் தார்ப்பாய். நாலு மூலையிலும் தூண், சுற்றி மூன்று வரிசைக் கயிறு.

யார் ஜெயிப்பது என்பதை முன்னமே பேசி முடித்துவிடுவார்கள். அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் விழுகிறவன் நிஜமாகத்தான் விழ வேண்டும். இரண்டு இரும்புக்கு நடுவே விழுந்தால் பலகை வளைந்து கொடுத்துத் திருப்பி அனுப்பும். இரும்புக்கு நேராக விழுந்தால் சிமெண்ட் தரையில் விழுந்த மாதிரி. அதனால் ஆட்டக்காரர்கள் மதியமே ரிங்கில் ஏறி, வெறுங்காலோடு, குதிகாலால் தட்டித் தட்டி ஒவ்வொரு அடியாக நடப்பார்கள். எங்கே கொடுக்கிறது, எங்கே கெட்டி என்று காலுக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் ஆடுவது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்காமல் குதிப்பது போல.

வெண்மதி 2017இல் வந்தாள். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவள், தோள் அகலம். வந்த புதிதில் மேட்ச் நம்பர் எழுதின அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரிங்கைச் சுற்றி வருவதுதான் அவள் வேலை. அடுத்த வருஷம் புதுச்சேரியிலிருந்து ப்ரீத்தி என்று ஒரு பெண் வந்ததும், இரண்டு பேருக்கும் ஒரு மேட்ச் கொடுத்தார் நடனசபாபதி. எப்போது? இடைவேளையில். ஜனங்கள் போண்டா வாங்க எழுந்துபோகிற நேரத்தில். வேலைக்காரர்கள் நாங்கள் அதற்கு 'டீ மேட்ச்' என்று பேர் வைத்தோம். மைக்காரர் வேறு, "அடுத்தது குழாயடிச் சண்டை! குடம் வச்சிருக்கிறவங்க ஓரமா வச்சுக்குங்க!" என்பார். முடியைப் பிடித்து இழுத்து இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஜனம் சிரிக்கும்.

"மாமா, ப்ரீத்தி என்னைத் தலைக்கு மேல தூக்கிப் போடுவா. அதைச் செய்ய வுட மாட்றாரு. முடியைப் புடி, முடியைப் புடின்றாரு" என்று என்னிடம் பொருமினாள்.

"சம்பளம் குடுக்கிறாருல்ல? புடிச்சுட்டுப் போ" என்றேன்.

அடுத்த ஷோவுக்கு முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். "இப்ப எதைப் புடிச்சு இழுக்கிறது, சொல்லச் சொல்லுங்க." நடனசபாபதி அவள் தலையைச் சுற்றி வந்து பார்த்தார். சின்னம்மாள் கத்தினாள், மீன் மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி. "அடிச்சதுதான் அடிச்சே, சாமிக்காச்சும் மொட்டை அடிச்சிருக்கலாமேடி!" அந்த ஷோவில்தான் முதல் தடவையாக ப்ரீத்தி அவளைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டாள். போண்டாவோடு திரும்பிய ஒரு பத்து பேர் நின்றபடியே பார்த்தார்கள்.

இனி என் சட்டத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறையில், பலகை அடித்த படகு கடலில் இறங்கும் வரை அதில் பெண் கால் வைக்கக் கூடாது. அப்பா அப்படித்தான் வைத்திருந்தார். நான் அதைக் கொண்டுபோய் ரிங்குக்கு வைத்தேன். ரிங் போட்டு, தேங்காய் உடைத்து, முதல் ஆண்கள் மேட்ச் முடியும் வரை பெண் ஏறக் கூடாது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். நடனசபாபதிக்கும் அது பிடித்துப்போயிற்று. அப்புறம் அது கம்பெனிச் சட்டமாகிவிட்டது. மதியம் ஆண்கள் தட்டி நடக்கிறபோது வெண்மதியும் ப்ரீத்தியும் கீழே பையை வைத்துக்கொண்டு நிற்பார்கள். மேட்ச்சுக்குத்தான் முதல் அடி வைப்பார்கள்.

2019 ஐப்பசி. கடலூரில் ஷோ. இரண்டு நாள் மழை பெய்து மண் ஊறிக் கிடந்தது. ரிங்கின் வடகிழக்கு மூலை இறங்க ஆரம்பித்தது. சவுக்குக் கட்டை ஒன்றை அறுத்து, அந்த மூலைக்கு ரெண்டடி உள்ளே, பலகைக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். பலகை இம்மிகூட அசையவில்லை. பெரிய ஆட்டக்காரன் அன்பரசு, நூற்றுப்பத்து கிலோ. அவனையும் மற்ற ஆண்களையும் கூப்பிட்டு, "அந்த மூலையில முட்டு வச்சிருக்கேன். எவனும் அங்க விழாதீங்கடா" என்று சொன்னேன்.

வெண்மதி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள். "மாமா, ஒரே ஒரு சுத்து நடந்துட்டு எறங்கிடறேன்."

"பூஜை ஆவட்டும்."

"பூஜை ஆனா பெல் அடிச்சிடுவாங்க."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

இதுவரை யாரிடமும் முழுசாகச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நடக்கவிடாவிட்டால் போகிறது, முட்டு இருக்கிற மூலையை வாயால் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்கள். மறக்கவில்லை. டீ மேட்ச்தானே, என்ன பெரிதாக விழுந்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். நானும் டீ குடிக்கப் போய்விட்டேன்.

கையில் கிளாஸோடு இருக்கும்போது சத்தம் கேட்டது. ஃபோமில் விழுகிற சத்தம் 'தொப்' என்று இருக்கும். இது மரம் மரத்தில் இடிக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். வெண்மதி வடகிழக்கு மூலையில் கிடந்தாள். ப்ரீத்தி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆட்டம் போலவே அவள்மேல் படுத்து, மேட்ச்சை முடித்துவிட்டாள். பாதி ஜனம் வெளியே இருந்தது.

"பொம்பளை எலும்பு இதெல்லாம் தாங்காது. நான் அப்பவே சொன்னேன்" என்றார் நடனசபாபதி. அத்தோடு பெண்கள் மேட்ச்சை எடுத்துவிட்டார். எலும்பில் தப்பில்லை, முட்டில்தான் தப்பு என்று தெரிந்தவன் நான். கேட்டுக்கொண்டு நின்றேன். பலகையைப் பற்றி யாராவது பேசினால் மட்டும் சண்டைக்குப் போனேன்.

நாலு வருஷம் போயிற்று. நடுவில் கொரோனா வந்து எல்லாருக்கும் ஆட்டம் நின்றது. வெண்மதி ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றாள். எலும்பு கூடினதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நெல்லிக்குப்பம் போய்விடுவாள். அங்கே கரும்பு லாரி நிறுத்துகிற ஷெட் ஒன்றில் பழைய மெத்தைகளைப் போட்டு, அவளும் ப்ரீத்தியும் பழகினார்கள். ஒரு தடவை ப்ரீத்தி லாரியின் பின்கதவு மேல் ஏறி நின்று, பறந்து வெண்மதி மேல் விழுந்ததை யாரோ போனில் எடுத்துப் போட்டார்கள். அது ஊர் ஊராகப் போய்விட்டது. நடனசபாபதியின் பேத்தியே அதை அவரிடம் காட்டினாளாம்.

2023 ஆனி மாசம் நடனசபாபதி எங்களையெல்லாம் கூப்பிட்டனுப்பினார். சிதம்பரத்தில் கோயில் திருமஞ்சனக் கூட்டம் இருக்கிற வாரம், ஞாயிற்றுக்கிழமை மூணு மணி ஷோ. ஃப்ளெக்ஸில் வெண்மதி, ப்ரீத்தி படம் அன்பரசு படத்தைவிடப் பெரிது. கடைசி மேட்ச் அவர்களுடையது. ஆனால் எல்லார் முன்னாலும் ஒன்று சொன்னார்: "எவளுக்காவது எதுனா ஆச்சுன்னு வையி, அதோட என் கம்பெனியில பொம்பளை மேட்ச் கெடையாது. இனிமே யார் வந்து கேட்டாலும் கெடையாது."

"சரி" என்றாள் வெண்மதி. அவள் தோளில் அந்த எலும்பு கூடின இடம் மொச்சைக் கொட்டை மாதிரி துருத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

சிதம்பரத்தில் அவர் பிடித்திருந்த இடம், குட்டையைத் தூர்த்துப் போட்ட மனை. ரிங்கைப் போட்டு முடிக்கும்போதே ஒரு மூலை உட்கார்ந்தது. நூறு கிலோ ஆட்கள் நாலு பேர் ஏற வேண்டும். வேறு வழியில்லை. மறுபடியும் சவுக்குக் கட்டையை அறுத்து முட்டு வைத்தேன். ஆண்கள் ஏறித் தட்டி நடந்துவிட்டு இறங்கினார்கள். நடனசபாபதி நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

வெண்மதி வந்து கயிற்றைப் பிடித்தாள். ஏறட்டுமா என்று கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"மாமா, முட்டு எந்த மூலையில வச்சிருக்கீங்க?"

என் கையில் சுத்தியல். அன்பரசு வேறெங்கோ பார்த்தான்.

"இன்னா முட்டு?" என்றார் நடனசபாபதி.

அவள் என்னையே பார்த்தாள். உதவி செய்கிற பார்வை இல்லை அது. நீயே சொல் என்கிற பார்வை.

"ஐயா, கடலூர்ல அவ எலும்பு தாங்காம உடையல" என்றேன். "அந்த மூலையில நான் முட்டு வச்சிருந்தேன். ஆம்பளைங்ககிட்ட சொன்னேன். இவகிட்ட சொல்லல. ஏறி நடக்கவும் வுடல. பலகை வளைஞ்சு குடுத்திருந்தா இவளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

"நாலு வருஷமா வுட்டுட்டு இப்ப வந்து சொல்றியா?" என்றார்.

"இப்பதான் சொல்றேன். அவ ஏறி நடக்கட்டும்."

"பூஜைக்கு முன்னாடியா? அது நீ வச்ச சட்டம்டா, பக்கிரி!"

"நான்தான் வச்சேன். நானே எடுத்துட்டேன்."

இளநீரைக் கீழே வைத்தார். "ஏறித் தொலையட்டும். இன்னைக்கு எதுனா ஆச்சுன்னா, அவளோட சேத்து நீயும் ஊரைப் பாக்கப் போயிடணும்."

வெண்மதி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். ப்ரீத்தியும் பின்னாலேயே ஏறினாள். குதிகாலால் தட்டித் தட்டி இரண்டு பேரும் அங்குலம் அங்குலமாக நடந்தார்கள். நான் கூடவே ஓரமாகப் போனேன். முட்டுக்கு நேராக வந்ததும் அவள் கால் நின்றது.

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன் மெதுவாக.

"அன்பரசு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டான். நாலு வருஷமா நீங்க பலகையைத் தூக்கித் தூக்கிக் காட்டுறதைப் பாத்துட்டுதான் இருக்கேன்."

"அம்மாகிட்ட?"

"சொல்லல. சொல்லியிருந்தா மீனோட நிறுத்தியிருக்க மாட்டாங்க."

அவமானத்தில் குனிந்து பலகையைப் பார்த்தேன். அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற மூன்று மூலைகளுக்கு மேலேயும் பந்தலின் சவுக்குக் கழி தாழ்வாக ஓடியது. தூண்மேல் ஏறி நின்றால் தலையில் இடிக்கும். இந்த மூலையில் மட்டும்தான் மேலே காலியிடம். ப்ரீத்தி தூணிலிருந்து பறக்க வேண்டியது இங்கேதான். வெண்மதி கீழே கிடந்து அந்த அடியை வாங்க வேண்டியது முட்டுக்கு நேர் மேலேதான்.

"பறக்கிறதை வுட்டுடு" என்றேன்.

"அதைப் பாக்கத்தான் மாமா வர்றாங்க" என்றாள் ப்ரீத்தி.

இப்போதே முட்டுக் கட்டையை எடுத்தால் அன்பரசு மேட்ச்சில் மூலை இறங்கிவிடும். வெண்மதிதான் வழி சொன்னாள். அவன் மேட்ச் முடிந்ததும் நான் ரிங்குக்கு அடியில் போய் முட்டுக் கட்டையை எடுப்பது. எடுத்ததும் அடியிலிருந்து பலகையை மூன்று தடவை தட்டுவது. அந்தத் தட்டு கேட்கும் வரை அவர்கள் இந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

"பத்தாவது நிமிஷம் ப்ரீத்தி ஏறணும். பன்னண்டுல முடிச்சாவணும். நீங்க தட்டலைன்னா ஏற மாட்டா."

அன்பரசு மேட்ச் முடிந்ததும், ரிங்கைச் சுற்றித் தொங்கவிட்ட சிவப்புத் துணியைத் தூக்கிக்கொண்டு அடியில் போனேன். மூன்றடி உயரம். மண்டியிட்டு நகர்ந்தேன். இருட்டில்லை, துணி வழியாக வெயில் சிவப்பாக வந்தது. முட்டுக் கட்டையைப் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. நாலு ஆண்களின் கனம் அதை மண்ணுக்குள் அடித்து இறக்கி, பலகையோடு ஆப்பு மாதிரி இறுக்கிவிட்டிருந்தது. சுத்தியலால் பக்கவாட்டில் அடித்தேன். கை வலித்ததுதான் மிச்சம்.

மேலே மைக்காரர், "கடைசி மேட்ச்! குழாயடி..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தார். கூட்டத்தில் ஒரு பெண் குரல், "உன் வாயில குடத்தை வைக்க! பேரைச் சொல்லுய்யா!" என்றது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். மீன் இல்லை போ என்று நாலு வருஷம் கேட்ட குரல். சின்னம்மாள் மகள் ஆட்டம் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. மைக்காரர் பேரைச் சொன்னார். பெல் அடித்தது.

பலகை இடுக்கு வழியாகத் தூசி கொட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தேன். ப்ரீத்தி கால் கனம், வெண்மதி கால் வேகம். யார் எங்கே நிற்கிறார்கள் என்று சத்தத்திலேயே தெரிந்தது. சொன்னபடி எதிர்ப் பக்கத்திலேயே ஆடினார்கள். ஒவ்வொரு விழுதலுக்கும் 'தொப்' என்றது. அந்தச் சத்தம் மாறாமல் இருக்க வேண்டுமே என்று அடித்துக்கொண்டே இருந்தேன். நாற்காலி நகர்கிற சத்தமே இல்லை. ஒருவரும் டீ குடிக்கப் போகவில்லை.

போனைப் பார்த்தேன். எட்டு நிமிஷம் ஆகியிருந்தது. முட்டு அப்படியே நின்றது.

அப்போதுதான் புத்தி வந்தது. மேலே இறுகினால் கீழே இளக்க வேண்டியதுதானே? தூர்த்த மண்தானே இது? சுத்தியலைப் போட்டுவிட்டு இடுப்பிலிருந்து உளியை எடுத்து முட்டின் அடியைத் தோண்டினேன். உளி போதவில்லை. கையால் பறித்தேன். நகம் பெயர்ந்தது. மேலே கூட்டம் "ஏறு! ஏறு! ஏறு!" என்று கத்த ஆரம்பித்தது. கனமான கால் நான் இருக்கிற மூலைப் பக்கம் வந்து, நின்று, திரும்பிப் போனது. கூட்டம் 'ஊ' என்றது. மறுபடி வந்தது. மறுபடி திரும்பியது. ஒருவன், "பயந்துட்டாளுங்கடா!" என்று சிரித்தான். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு பரவினால் தீர்ந்தது என்று எனக்குத் தெரியும்.

முட்டு ஒரு விரற்கடை இறங்கியது. இரண்டு காலாலும் உதைத்தேன். சாய்ந்து விழுந்தது. சுத்தியலைத் தேடிப் பிடித்து, மல்லாந்து கிடந்தபடியே மேலே அடித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று.

மேலே ஒரு குதிகால், என் முகத்துக்கு நேராக, ஒரே தடவை தட்டியது.

கேட்டுவிட்டது.

அப்புறம் நடந்ததைப் பார்த்தவர்கள் விதவிதமாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. தூண் முனகியது. கூட்டம் அடங்கியது. அந்த அமைதியில், வெளியே ஐஸ்காரன் மணி அடிப்பதுகூடக் கேட்டது. பிறகு இரண்டு பெண்களின் கனமும் சேர்ந்து இறங்கியது. பலகை என் மூக்குக்கு நேர் மேலே வளைந்து இறங்கி, திரும்பிப் போனது. 'தொப்'. ரெஃப்ரி கையால் தட்டினார். கூட்டம் கூடவே எண்ணியது.

ஜெயித்தது ப்ரீத்தி. அது பேசினதுதான். ஆனால் நான் துணியைத் தூக்கிக்கொண்டு வெளியே தலையை நீட்டினபோது ஜனம் எழுந்து நின்றது, கீழே விழுந்தவளுக்கும் சேர்த்து. வெண்மதி எழுந்து இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினாள். இரண்டு கையும் முழுசாக மேலே போனது. நான் அதைத்தான் பார்த்தேன்.

நடனசபாபதி அடுத்த வாரம் சேத்தியாத்தோப்பு ஷோவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கப் போனில் சொல்லும்போது, "பொம்பளை மேட்ச் கடைசியில போடு" என்றது காதில் விழுந்தது. சின்னம்மாளிடம் நானே போய் முட்டு விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, சாக்கை இன்னும் நன்றாக இழுத்து மூடினாள். அவள் செய்தது நியாயம்தான்.

ஷோ முடிந்த அன்று சாயங்காலம் ரிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வெண்மதி தோளில் ஐஸ் பொட்டலத்தை வைத்துக்கொண்டு வந்து பலகை அடுக்குமேல் உட்கார்ந்தாள். மறுநாள் அவளும் ப்ரீத்தியும் பெங்களூருக்கு ரயில் ஏறினார்கள், ஒரு பெரிய கம்பெனியில் இரண்டு மாசப் பயிற்சிக்கு. அங்கேயே தங்கிவிட்டார்கள். அதற்கப்புறம் அவளை நான் நேரில் பார்க்கவில்லை.

"அந்தப் பலகை இன்னும் உங்க வாசல்லதான் இருக்குதா?" என்றாள்.

"இருக்குது."

"சேத்தியாத்தோப்புக்கு எங்களுக்குப் பதிலா ரெண்டு பொண்ணுங்க வருதுங்க மாமா, அதுல தீபிகான்னு ஒண்ணு. புதுசு. ரிங்குல ஏறினதே இல்ல, கேக்கக் கூச்சப்படும். நீங்களா கூப்பிட்டு மொத ஆளா ஏத்தி நடக்க வுடுங்க. அந்தப் பலகையைக் கொண்டுபோய் ரிங்குக்கு நடுவுல போட்டுடுங்க. இனிமே யாருக்கும் தூக்கிக் காட்டாதீங்க."